ஓடி நின்ற பிறகு வரும் இழுப்பு

36 வயது வாசகி ஒருவர் மூன்று பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு ஏழு வயதிலிருந்தே வீசிங். பள்ளியில் விளையாட்டுப் பீரியட் வந்தால் அம்மா எழுதிக் கொடுத்த விலக்குக் கடிதத்தை நீட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார். மற்ற பிள்ளைகளின் கைக்கடிகாரங்களையும் தண்ணீர் பாட்டில்களையும் மடியில் வைத்துக் காவல் காத்ததுதான் தன் விளையாட்டு அனுபவம் என்கிறார். அண்மையில் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பது தெரிந்து, தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். விடியற்காலை 5 மணிக்கு வேகநடையும் நடுநடுவே கொஞ்சம் ஓட்டமுமாகத் தொடங்கியிருக்கிறார்.

“ஓடும்போது ஒன்றும் ஆவதில்லை டாக்டர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் நெஞ்சு இறுகுகிறது, இருமல் வருகிறது, இழுக்கிறது. முக்கால் மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. இதயத்தில் ஏதாவது கோளாறோ என்று பயமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். பத்தே நாளில் நடையை விட்டுவிட்டார்.

நீல இன்ஹேலரை “எப்போதாவது தேவைப்பட்டால் மட்டும்” எடுக்கிறார். நான்கு மாதத்தில் இரண்டு வாங்கியிருக்கிறார். மருத்துவர் தந்த இன்னொரு இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு, உடம்பும் தேறிவிட்டதால், மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக மூச்சுப் பயிற்சி செய்கிறார். வாரத்துக்கு இரண்டு இரவு இருமல் வந்து எழுந்து உட்காருகிறார். நீச்சல் கற்றால் ஆஸ்துமா போய்விடும் என்று தோழி ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒன்பது வயது மகனுக்கும் இப்போது வீசிங் இருக்கிறது. “அவனுக்கும் விளையாட்டிலிருந்து விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதினேன். கையெழுத்துப் போடும்போது கை நின்றுவிட்டது. என் அம்மா செய்ததையே நானும் செய்கிறேனா?” என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கேட்டதற்கு நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உடற்பயிற்சி செய்யலாம், உங்கள் மகன் விளையாடலாம். இரண்டும் நடக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் நீங்கள் தொடங்கிய வரிசை சரியில்லை. முதலில் ஆஸ்துமாவைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், அப்புறம் நடை, அதற்கப்புறம் ஓட்டம். காலை நடையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிய நீங்கள், இரவு இருமலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரி.

நின்ற பிறகு ஏன் இழுக்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றுதான் உள்ளே போய் வருகிறது. அது மூக்கு வழியாகப் போவதால் வெதுவெதுப்பாகி, ஈரம் சேர்ந்து நுரையீரலை அடைகிறது. ஓடும்போது இது 60, 80 லிட்டர் என்று ஏறிவிடும். அவ்வளவையும் மூக்கால் சமாளிக்க முடியாது, வாய் தானாகத் திறந்துகொள்ளும். பதப்படாத காற்று நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, அதன் உட்சுவரில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உலர்த்துகிறது. தண்ணீர் குறையக் குறைய, மிஞ்சிய படலத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. ஏற்கெனவே அழற்சியில் வீங்கியிருக்கும் குழாய்க்கு இது பெரிய சீண்டல். அங்குள்ள மாஸ்ட் செல்கள் எனும் ஒவ்வாமை அணுக்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற பொருட்களை வெளியே கொட்டும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும்.

ஓடிக்கொண்டிருக்கும் வரை, ஆழமான மூச்சுகள் குழாயை உள்ளிருந்து இழுத்து விரித்துக்கொண்டே இருக்கும். நின்றதும் அந்த இழுவை போய்விடுகிறது. அதனால்தான் இறுக்கம் பெரும்பாலும் நின்ற 5 முதல் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்கு வந்து, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தணிகிறது. நீங்கள் செருப்பைக் கழற்றும் நேரமும், முக்கால் மணிக் கணக்கும் இதோடு அப்படியே பொருந்துகின்றன.

வேகமாக ஓடினால் யாருக்கும் மூச்சு வாங்கும். அது நின்ற இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கத் தொடங்கும். ஆஸ்துமாவின் இறுக்கமோ நின்ற பிறகுதான் ஏறும். பல வருடம் ஆஸ்துமாவோடு இருப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்து, கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார உட்கார உடல் பழக்கம் விட்டுப்போகிறது. பழக்கம் விட்ட உடலுக்கு நாலு படி ஏறுவதற்கே அதிகக் காற்று தேவைப்படுகிறது. அதிகக் காற்று என்றால் அதிக உலர்வு, அதிக இறுக்கம். உங்கள் முப்பது வருடங்களில் எவ்வளவு ஆஸ்துமாவால் போயிற்று, எவ்வளவு இந்தச் சுழலால் போயிற்று என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. சுழலால் போனதைப் பயிற்சியால் மீட்கலாம் என்பது உறுதி. ஆஸ்துமா உள்ளவர்களைத் தொடர்ந்து பயிற்சி செய்ய வைத்துப் பார்த்த ஆய்வுகளில் அவர்களின் உடல் திறன் கூடியிருக்கிறது. பயிற்சியால் நோய் மோசமாகவில்லை.

5 மணியைத் தேர்ந்தெடுத்ததும் உங்களுக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் மிகவும் குறுகியிருக்கும். காற்றும் அப்போது குளிர்ந்திருக்கும்.

இதயத்தைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் விவரித்தது இதய நோயின் போக்கு அல்ல. ஆனாலும் நடக்கும்போதே நெஞ்சில் பாரமோ வலியோ வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், தலை சுற்றினால், மயக்கம் வந்தால் உடனே இதயத்தைப் பரிசோதித்தாக வேண்டும். இன்னொன்றும் உண்டு: மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்து, நின்ற சில நிமிடத்தில் மறைந்து, இன்ஹேலருக்கும் மசியாமல் இருந்தால், அது குரல்வளை சுருங்குவதால் இருக்கலாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இது அதிகம். ஆஸ்துமா என்று நினைத்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

நான்கு மாதத்தில் இரண்டு இன்ஹேலர்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நீல இன்ஹேலரில் பொதுவாக 200 பஃப், அதாவது 200 முறை அழுத்தும் அளவு மருந்து இருக்கும். இரண்டில் 400. நான்கு மாதம் என்பது 120 நாள். ஆக, சராசரியாக ஒரு நாளைக்கு மூன்று பஃப்புக்கு மேல். “எப்போதாவது” என்று நீங்கள் மனமறிந்து பொய் எழுதவில்லை. கைப்பையில் இருப்பதை இரண்டு நொடியில் எடுத்து அடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம், எத்தனை முறை என்று மனம் எண்ணி வைப்பதில்லை.

கட்டுப்பாட்டை அளக்க நாங்கள் கேட்கும் கேள்விகள் நான்கு. கடந்த நான்கு வாரத்தில் பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொந்தரவு இருந்ததா? இரவில் எழுந்தீர்களா? நிவாரண இன்ஹேலர், அதாவது அந்த நீல இன்ஹேலர், வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? ஆஸ்துமாவால் எந்த வேலையையாவது விட்டீர்களா? மூன்று நான்கு கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் நோய் கட்டுக்குள் இல்லை. உங்கள் கடிதப்படி நான்கும் ஆமாம்.

நீல இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். அடியில் இருக்கும் அழற்சியை அது தொடாது. அழற்சியைக் குறைப்பது நீங்கள் நிறுத்திய அந்த ஸ்டீராய்டு இன்ஹேலர். நிவாரண மருந்தை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டிக் குழுவான ‘ஜினா’ 2019-லிருந்தே சொல்லிவருகிறது. ஆண்டுக்கு மூன்று நீல இன்ஹேலரோ அதற்கு மேலோ தீர்ப்பவர்களுக்குக் கடும் தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் வேகத்தில் ஆண்டுக்கு ஆறு.

ஸ்டீராய்டு என்ற சொல் பயமுறுத்துவது எனக்குப் புரிகிறது. மாத்திரையில் போவது மில்லிகிராம் கணக்கு. இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கு. வாயில் வெண்படலம், குரல் கம்முதல் போன்ற தொல்லைகள் வரலாம். எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். சில நாட்களிலேயே மாற்றம் தெரியத் தொடங்கும், முழுப் பலன் தெரிய மாதங்கள் ஆகும். உடம்பு தேறியதும் நிறுத்தினீர்கள் அல்லவா? தேறியதே அந்த மருந்தால்தான். குறைப்பதும் நிறுத்துவதும் நோய் இரண்டு மூன்று மாதம் கட்டுக்குள் இருந்த பிறகு, மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

மூச்சுப் பயிற்சியை விடச் சொல்லவில்லை. பதற்றம் தணியும், மூச்சு சீராகும், அன்றாடம் கொஞ்சம் எளிதாகும். ஆனால் அழற்சிக்கு அது மருந்தாகாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது உங்கள் இன்ஹேலரை எடுத்துப் போய் அவர் கண்முன் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பலர் குலுக்காமலே வாயில் வைப்பார்கள். அழுத்திய பிறகு மூச்சை இழுப்பார்கள். வாயோரத்திலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு வெளியே வரும். அந்தப் புகைதான் மருந்து. அழுத்தி அடிக்கும் இன்ஹேலர் என்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, தொடர்ந்து ஆழமாக இழுத்து, 10 நொடி அடக்கி வைக்க வேண்டும். பவுடர் இன்ஹேலரை மட்டும் வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் என்ற கூடு போன்ற குழாயை மாட்டினால் அழுத்தி அடிப்பது எல்லோருக்கும் எளிதாகிறது. சிறு பிள்ளைகளுக்குத்தான் ஸ்பேசர் என்பது தவறான நினைப்பு.

ஓடுவதற்கு முன் எடுத்தால் பழக்கமாகிவிடுமா?

அடிமையாக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. பயிற்சிக்கு 10, 15 நிமிடம் முன்பு சால்புட்டமால் இரண்டு பஃப் எடுத்தால் இரண்டு மூன்று மணி நேரம் பாதுகாப்புக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு. தடுப்பு மருந்தான ஸ்டீராய்டு இன்ஹேலர் இல்லாமல் தினமும் இதையே எடுத்தால் நாளடைவில் அந்தப் பாதுகாப்பு குறையும். தடுப்பு மருந்து ஒழுங்காகப் போகும்போது பலருக்கு முன்கூட்டியே எடுக்கும் பஃப்பே தேவைப்படாமல் போகிறது. ஸ்டீராய்டும், மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தேவைக்கும் பயிற்சிக்கு முன்பும் பயன்படுத்தும் முறையும் உண்டு. உங்களைப் போல இரண்டு இன்ஹேலரில் ஒன்றை நிறுத்திவிடுகிறவர்களுக்கு இது நல்ல வழி என்பது என் கருத்து. மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்கத் தடகள வீராங்கனை ஜாக்கி ஜாய்னர்-கெர்சி 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் 7,291 புள்ளிகள் எடுத்து உலக சாதனை படைத்தபோது ஆஸ்துமா நோயாளிதான். ஆரம்பத்தில் நோயை ஏற்க மறுத்ததைப் பற்றி அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். பிரிட்டனின் ஓட்ட வீராங்கனை பவுலா ராட்கிளிஃபுக்குப் பதின்வயதிலிருந்தே உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமா. 2003-ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி முடித்தார். நீங்களும் அப்படி ஓட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. இன்ஹேலர் எடுத்துக்கொண்டு ஓடுவதில் ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை.

எப்படித் தொடங்குவது?

தடுப்பு மருந்து தொடங்கி, இரவு இருமல் நின்ற பிறகு தொடங்குங்கள். நேரத்தை மாலைக்கு மாற்றுங்கள், அல்லது காலையில் வெயில் ஏறிய பின் போங்கள். வண்டிப் புகை, தூசி, மகரந்தம் மிகுந்த பாதையைத் தவிருங்கள். குளிர்ந்த நாளில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டால் விட்ட மூச்சின் ஈரமே அடுத்த மூச்சுக்கு உதவும்.

வார்ம்-அப்பை மட்டும் எக்காரணத்தாலும் விடாதீர்கள். 10 முதல் 15 நிமிடம் மெதுநடை, நடுவே அரை நிமிட வேகநடைகள். இப்படி விட்டுவிட்டு உடலைச் சூடேற்றினால், சுமார் பாதிப் பேருக்கு அடுத்த ஓரிரு மணி நேரத்துக்கு மூச்சுக்குழாய் அவ்வளவு எளிதில் இறுகாது. முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

முதல் வாரங்களில் 15, 20 நிமிடம் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. அதை எட்ட நீங்கள் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முன் ஒருமுறை, முடித்து 5, 10, 15 நிமிடத்தில் ஒவ்வொரு முறை ஊதி எழுதுங்கள். முன்பு 400 காட்டியது பிறகு 320 என்றால் ஐந்தில் ஒரு பங்கு விழுந்திருக்கிறது. மருத்துவரிடம் காட்ட வேண்டிய எண் அது. எண்ணில் மாற்றமே இல்லாமல் மூச்சு மட்டும் வாங்கினால், பெரும்பாலும் அது பழக்கமில்லாத உடலின் மூச்சுவாங்கல்தான், பயப்படாமல் தொடரலாம்.

நீச்சல் நல்ல தேர்வு. தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று ஈரமாக இருப்பதால் குழாய் அதிகம் உலராது. ஆனால் ஆஸ்துமாவை அது போக்காது. மூடிய அரங்கில் குளோரின் நெடி தூக்கலாக இருந்தால் சிலருக்கு அதுவே இழுப்பைக் கிளப்பும். விட்டுவிட்டு ஓடும் பேட்மின்டன், வாலிபால் போன்றவை தொடர் ஓட்டத்தைவிட எளிது. மருத்துவரின் முன் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது என்று நான் சொல்வது ஆழ்கடல் ஸ்கூபா டைவிங் ஒன்றைத்தான்.

எப்போது நிறுத்த வேண்டும்?

சளி, காய்ச்சல் இருக்கும் நாளிலும், முந்தைய இரவு இழுப்பு வந்திருந்தாலும், பீக் ஃப்ளோ உங்கள் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் அன்று பயிற்சி வேண்டாம்.

நடுவில் இறுகினால் “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று தள்ளாதீர்கள். நின்று, நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பேசரில் சால்புட்டமால் ஒவ்வொரு பஃப்பாக நான்கு. ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் இன்னும் நான்கு. அதற்கும் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். மருந்தை நிறுத்தாமல் அதே முறையில் தொடருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலம் பாய்தல், இழுத்துக்கொண்டிருந்த நெஞ்சில் சத்தமே இல்லாமல் போதல் — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எதற்கும் காத்திருக்காமல் அழைத்துவிடுங்கள். படுக்கப் போடாதீர்கள். உடம்பெல்லாம் அரிப்பும் தடிப்பும் சேர்ந்து வந்தால் அது வேறு வகை ஒவ்வாமை, அதுவும் அவசரம்தான்.

உங்கள் மகனுக்கு

விளையாட்டின் நடுவே அவன் “தண்ணீர் குடிக்கிறேன்” என்று வந்து வந்து உட்காருவதாகச் சோம்பல் என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் பிள்ளைகளுக்கு ‘நெஞ்சு இறுகுது’ என்று சொல்லத் தெரியாது. விளையாடிய பின் வரும் வறட்டு இருமல், ஓரமாக ஒதுங்குவது, கோல்கீப்பராகவே நிற்க ஆசைப்படுவது — இவைதான் அவர்கள் சொல்லும் விதம். அவனையும் அழைத்துப் போய்க் காட்டுங்கள். பிள்ளைகளின் ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன்: முதல் ஓரிரு ஆண்டுகளில் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவு தெரியலாம், ஆண்டுதோறும் அது கூடிக்கொண்டே போவதில்லை. அடங்காத ஆஸ்துமா அவனிடமிருந்து எடுத்துக்கொள்வது அதைவிட அதிகம். வளரும் பிள்ளைக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும்.

உங்கள் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அன்று கையில் இருந்த அறிவுக்கு, பிள்ளையைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது. உங்கள் கை நின்றது நல்லதுதான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, மருத்துவரைப் பார்த்து வந்த பிறகு வேறொரு கடிதம் எழுதுங்கள். மருத்துவர் சொல்லும் அளவுகளைச் சேர்த்துக்கொண்டால் இவ்வளவு போதும்:

“என் மகனுக்கு ஆஸ்துமா உண்டு. எல்லா விளையாட்டிலும் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு அவன் இன்ஹேலர் எடுத்துக்கொள்வான், முதலில் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடட்டும். இன்ஹேலரும் ஸ்பேசரும் அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கக் கூடாது, மைதானத்தில் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இருமினாலோ உட்கார்ந்தாலோ அருகில் போய்க் கேளுங்கள். நான்கு பஃப், நான்கு நிமிடம், மறுபடி நான்கு. அடங்காவிட்டால் ஆம்புலன்ஸுக்கும் எனக்கும் ஃபோன் செய்யுங்கள். அவனைத் தனியாக விட்டுவிட்டு உதவிக்குப் போக வேண்டாம், வேறு யாரையாவது அனுப்புங்கள். சரியாகிவிட்டால், அவன் விரும்பினால், மறுபடி விளையாடட்டும்.”